ஏரி, மணல் வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் ஏன் தோற்கிறார்கள்? விலை போய்விடுகிறார்களா?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு முடிந்து, மனசு கேட்காமல் மறுபடி எடுத்து இதை எழுதுகிறேன்.

கேட்டவர் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவராக இருக்கும். உங்கள் ஊர் ஏரியில் யாரோ வேலி போட்டிருப்பார்கள், வழக்கு நடந்திருக்கும், அரசு தோற்றிருக்கும். கோபம் நியாயம்தான். ஆனால் ஆளைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

வட மாவட்டம் ஒன்றில், ஒரு தாலுகா முன்சீஃப் கோர்ட்டில் 2013 முதல் 2021 மே வரை அரசுத் தரப்பில் உரிமையியல் வழக்குகளை நடத்தினேன். ஊரில் ஜி.பி., அதாவது கவர்ன்மென்ட் ப்ளீடர் என்பார்கள். ஆட்சி மாறியதும் எல்லாரையும் போல ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். கட்சிப் பரிந்துரையில்தானே வந்தாய் என்று யாராவது கமெண்டில் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். அப்படித்தான் எல்லாரும் வருகிறார்கள். இந்த நியமனங்களுக்குத் தகுதி பார்க்க ஒழுங்கான முறை வேண்டும் என்று 2016-ல் பஞ்சாப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. நானும் அதையேதான் சொல்வேன். இப்போது சொல்வது சுலபம், தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மணல் லாரி பிடிபட்டுக் குற்ற வழக்கானால், மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் அதை நடத்துபவர் ஏ.பி.பி., அதாவது அசிஸ்டென்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர். அவர் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வந்த அரசு ஊழியர், மாதச் சம்பளம் உண்டு. அவர்களுடைய தலைவலி வேறு. 1957-ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தில் 22-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் அந்தக் குற்றத்தைக் கையில் எடுக்கும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டியே கதையை முடிக்கப் பார்ப்பார். ஆற்று மணலை எடுத்தது திருட்டும்தான், அதற்கு அப்போதைய ஐ.பி.சி. 379-ல் போலீஸ் தனியாக வழக்கு நடத்தலாம் என்று 2014-ல் சஞ்சய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதை ஏ.பி.பி. யாராவது எழுதட்டும். எனக்கு வாய்த்தது ஏரி.

2015 நவம்பர், டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் ஒரு ஏரிக்கரை உடையப் பார்த்து, ஊர்க்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வற்றியதும் கரையைப் பலப்படுத்தப் பொதுப்பணித்துறை ஜே.சி.பி.யோடு போனது. ஒருவர் வந்து வண்டிக்கு முன்னால் நின்று ஒரு பேப்பரை நீட்டினார். முன்சீஃப் கோர்ட் டிகிரி. ஏரிக்குள் 2 ஏக்கர் 40 சென்ட் அவருடையது, கலெக்டரும் தாசில்தாரும் பொதுப்பணித்துறையும் உள்ளே நுழையக் கூடாது என்று 2012 மார்ச்சில் வாங்கிய எக்ஸ்பார்ட்டி டிகிரி. அதாவது, அரசுத் தரப்பு பதிலே தாக்கல் செய்யாததால் ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பு.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே பாதி வந்துவிட்டது. அரசு அந்த வழக்கில் வாதாடித் தோற்கவில்லை, வாதாடவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஜி.பி. விலை போனார் என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். அவருடைய கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தாசில்தார் அலுவலகத்துக்குப் பத்திவாரிக் குறிப்பு கேட்டு ஐந்து கடிதம் எழுதியிருக்கிறார். பிராதில், அதாவது வாதியின் வழக்கு மனுவில், ஒவ்வொரு பத்திக்கும் அரசின் பதில் என்ன என்று துறை எழுதித் தர வேண்டும், அதுதான் பத்திவாரிக் குறிப்பு. அது இல்லாமல் எதிருரை போட ஜி.பி. என்ன ஜோசியமா பார்ப்பார்? ஐந்து கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். எங்களுக்கு ஆகியிருந்த தாமதம் 1,467 நாள். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பிரமாணப் பத்திரத்தில் 'நிர்வாகக் காரணங்களால்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் தனியாக ஆர்டரே தேவையில்லை.

உண்மையான காரணத்தைத் தெரிந்துகொள்ள நானே தாலுகா அலுவலகம் போனேன். தபால் பதிவேட்டில் சம்மன் வந்த தேதி இருந்தது, முத்திரையும் இருந்தது. எந்தப் பிரிவுக்குப் போனது என்ற கட்டத்தில் ஒரு எழுத்து. அந்த சீட்டில் இருந்தவரின் தன்பதிவேட்டில், அதாவது தனக்கு வந்த தபால்களை அவர் குறித்துவைக்கும் பதிவேட்டில், அந்த எண்ணே ஏறவில்லை. மூன்று நாள் தேடியபின், ஒரு பீரோவுக்கு மேல் முதியோர் உதவித்தொகை மனுக்கள் கட்டு ஒன்றில் சம்மன் கிடைத்தது. அதே கட்டில் முந்தைய ஜி.பி.யின் ஐந்து கடிதங்களில் மூன்று, உறைகூடப் பிரிக்காமல்.

சரி, இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அப்போதிருந்த தாசில்தார் சிரித்தார். "வக்கீல் சார், இதை எழுதினா நாளைக்கே செவன்டீன் பி. யாருக்குன்னு தெரியுமா? அந்த சீட்ல இருந்தவருக்கு, ஹெட்குவார்ட்டர்ஸ் டெபுடிக்கு, கடைசியில எனக்கு." 17(பி) என்பது ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நிற்கும், ஓய்வு பெறும் நாளில் ஓய்வு பெறவே விடாமல் நிறுத்திவைப்பதும் அப்போது நடந்தது. மனுவில் உண்மை எழுதினால் வழக்கு ஜெயிக்கும், எழுதியவர் வீட்டில் அடுப்பு எரியாது. அரசுத் தரப்பு மனுக்கள் எல்லாம் ஏன் வழவழ கொழகொழ என்று இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் மாறுதலாகி ஒரு அம்மா வந்தார். சம்பவத்தின்போது அவர் வேறு தாலுகாவில் இருந்தவர். ஆளின் பெயர் இல்லாமல் சீட்டை மட்டும் குறிப்பிட்டு, தபால் பதிவேட்டின் நகலையும் இணைத்து எழுதினேன். இரண்டு முறை படித்தார். "இதனால யாருக்காவது பிரச்சனை வருமா சார்?" "வரலாம் மேடம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

நீதிபதி மனுவை அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: எதிர்த்தரப்புக்கு 5,000 ரூபாய் செலவுத்தொகை, இரண்டு வாரத்துக்குள். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. இந்த ஐயாயிரத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எடுப்பது என்று தாலுகா அலுவலகத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குக் கோப்பு போனது. பன்னிரண்டாம் நாள் வரை திரும்பவில்லை. பதின்மூன்றாம் நாள் நான் என் ஏ.டி.எம். கார்டில் எடுத்துக் கட்டினேன். ரசீது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏழெட்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். (2020-ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்ததற்கு 25,000 ரூபாய் விதித்து, அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். செய்தியைப் படித்தபோது எங்கள் ஐயாயிரத்தை நினைத்துக்கொண்டேன்.)

விசாரணைக்கு வருகிறேன். வாதி கையில் இருந்தது யு.டி.ஆர். பட்டா. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில ஆவண மேம்பாட்டுத் திட்டம் அது. பழைய கணக்கையெல்லாம் ஹெக்டேருக்கு மாற்றி எழுதும்போது எத்தனையோ புறம்போக்கு யார் பெயரிலோ ஏறிவிட்டது. சிலது கைப்பிழை, சிலது கைவேலை. இவருடையது சர்வே எண் 112/3, 0.97.0 ஹெக்டேர், ரயத்துவாரி புன்செய், அதாவது தனியார் பட்டா நிலம். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டை, அதாவது எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கை, கொண்டுவந்தால்தான் அது ஏரி என்று காட்ட முடியும். தாலுகாவில் இல்லை. கலெக்டர் அலுவலகப் பதிவறையில் சிவப்புத் துணியில் கட்டிவைத்திருந்தார்கள். பக்கம் புரட்டினால் ஓரம் கையோடு வந்தது. 112, உட்பிரிவு கிடையாது, முழு எண்ணும் 'புறம்போக்கு, ஏரி'. அதற்குச் சான்றிட்ட நகல் வாங்க நாலு மாதம்.

ஆனால் வழக்கின் முடிச்சு அந்தப் பதிவேட்டில் அவிழவில்லை, வாதியின் வாயிலேயே அவிழ்ந்தது. இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கு விசாரணையில் அவரிடம் சாதாரணமாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். என்ன பயிர் வைப்பீர்கள்? நெல். எத்தனை வருஷமாக? முப்பது வருஷமாக, ஒரு வருஷம்கூட விடாமல். எந்த மாதம் அறுவடை? "தை மாசம், பொங்கலுக்கு முந்தி பிந்தி." 2018 ஜனவரியிலும் அறுத்தீர்களா? அறுத்தேன். கதிர் அறுத்த கூலிக்காரர்கள் நிலத்தில் இறங்கித்தானே அறுத்தார்கள்? பின்னே, வானத்திலிருந்தா என்றார். கோர்ட்டில் சிரிப்பு.

நான் கட்டிலிருந்து ஒரு மெமோவை எடுத்தேன். கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் நிலத்தை அளக்க வருவதாக இருந்த நாள் அதே 2018 ஜனவரியில். அன்றைக்கு வர வேண்டாம், 'தாவாச் சொத்தில்', அதாவது வழக்கில் உள்ள அந்த நிலத்தில், 'இடுப்பளவு தண்ணீர் நிற்பதால்' வைகாசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று வாதித் தரப்பே போட்ட மெமோ. கீழே அவருடைய கையெழுத்து. "இது உங்கள் கையெழுத்தா?" அவர் மெமோவைப் பார்த்தார், தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்." நான் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டாலும் கெடுத்துவிடுவோம் என்று என் சீனியர் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் சாட்சிகள் லட்சணமும் சொல்லவேண்டும். முதல் சாட்சி வி.ஏ.ஓ., பணியில் சேர்ந்து ஆறு மாதம். எதைக் கேட்டாலும் "ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்". இரண்டாவது தலையாரி. "சின்ன வயசுல அங்க மீன் புடிச்சிருக்கேங்கய்யா" என்றார். மீன் பிடித்ததற்கு ரசீது உண்டா என்று எதிர்த்தரப்பு மடக்கியது. "அப்ப ரசீது குடுக்க அங்க மனுசன் இல்லீங்களே, தண்ணிதான இருந்துச்சு." அந்த வாசகம் அப்படியே சாட்சியத்தில் ஏறியது. நீர்நிலை, பொது நிலம் என்றால் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டின் 2011-ஆம் வருஷத்து ஜக்பால் சிங் தீர்ப்பு எல்லாருக்கும் மனப்பாடம், நானும் எடுத்துக் காட்டினேன். ஆனால் அது ஏரி என்று முதலில் யாராவது சொன்னால்தானே அந்தத் தீர்ப்பைப் பிரிக்க முடியும்? தலையாரி சொன்னார்.

2019-ல் பிராது தள்ளுபடி ஆனது. வாதி அப்பீல் போயிருக்கிறார்.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி. விலை போகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். எனக்கும் ஒருநாள் வீட்டு வாசலில் பழக்கூடை வந்தது, பழத்துக்கு அடியில் பழம் இல்லாத ஒன்றும் இருந்தது. திருப்பி அனுப்பினேன். இதை நம்பாதவர்களிடம் நிரூபிக்க வழியில்லை, அதனால் முயற்சி செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: சம்மனையே பீரோ மேல் போட்டுவைக்கும் இடத்தில் ஜி.பி.க்கு எதற்கு லஞ்சம்? சும்மா இருந்தாலே டிகிரி கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஊரில் வாடகை வீடு கிடைக்கவில்லை என்பதையும் எழுதித் தொலைக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். மூன்று வீடு பார்த்தோம். வீட்டம்மா காபி கொடுப்பார், குழந்தையைக் கொஞ்சுவார், "சார் என்ன பண்றார்?" என்பார். வக்கீல் என்றதும் மகன் அமெரிக்காவிலிருந்து திடீரென்று திரும்பி வருவதாக நினைவு வந்துவிடும். அரசு வக்கீல் என்று அழுத்திச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் மோசம். கிரெடிட் கார்டு கேட்டால் பாங்கிலும் இதே கதை. வீட்டைக் காலி செய்ய மாட்டான், கடனைக் கட்ட மாட்டான் என்று எங்கள் மேல் ஒரு முடிவு. ஏரிக்குள் வேலி போட்டவருக்கு அதே பாங்கு பயிர்க்கடன் கொடுத்திருந்தது, வழக்கில் அந்தச் சான்றும் வாதி தரப்பு ஆவணமாக வந்தது.

இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்பதுதான் உங்கள் உள்நோக்கம் என்றால், சம்பளம் என்று ஒன்று கிடையாது, மாதச் சிறுதொகையும் வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ் பில்லும்தான். என் 2019 பில் ஒன்று, தீர்ப்பு நகல் இணைக்கவில்லை என்று திரும்பியது. இணைத்து அனுப்பினேன். தீர்ப்பு நகல் சான்றிட்டதாக இல்லை என்று திரும்பியது. அதற்குள் நான் ஜி.பி.யாக இல்லை.

பச்சை மையில் கையெழுத்துப் போட்ட அந்த அம்மா இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தார். "சார், இங்கயும் ஒரு எக்ஸ்பார்ட்டி மாட்டியிருக்கு, வாய்க்கால் புறம்போக்கு. அந்த அஃபிடவிட் காப்பி உங்ககிட்ட இருக்கா?" எத்தனை நாள் தாமதம் மேடம் என்று கேட்டேன். எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றார். காப்பியை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன்.