அமெரிக்காவில் என் ரைஃபிளை வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பருக்குச் சட்டப்படி விற்பது எப்படி?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார், வாங்கப்போகிறவர் ஓக்லஹோமாவில். "நெருங்கிய நண்பர்தான், அடுத்த மாதம் காரில் வருகிறார். பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கியில் வைத்து அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அனுப்பக் கூடாது. நட்பு, நம்பிக்கை, எல்லை ஒரு மணி நேரத் தூரம்தான் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. நீங்களும் அவரும் டெக்சாஸ்வாசிகளாக இருந்தால் நேரில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், டெக்சாஸ் சட்டம் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றவுடன் 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உள்ளே வந்துவிடும். துப்பாக்கி வியாபார உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும், அதே உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கி தரக் கூடாது. அவரும் அப்படி வாங்கிய துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. குற்றம் இரண்டு பக்கமும் உண்டு, தெரிந்தே செய்தால் 5 ஆண்டு வரை சிறை. காசு வாங்காமல் சும்மா கொடுத்தாலும் இதே கதைதான். உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வருவதற்கும், வேட்டைக்கோ சுடும் பயிற்சிக்கோ தற்காலிகமாக இரவல் தருவதற்கும் மட்டும் விலக்கு இருக்கிறது.

ஆகவே நடுவில் உரிமம் பெற்ற டீலர் ஒருவர் வேண்டும். இங்கே எல்லோரும் எஃப்எஃப்எல் என்றுதான் சொல்வார்கள்.

நான் என் ரைஃபிளை விற்றபோது நடந்ததைச் சொல்கிறேன். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். காட்டுப்பன்றி வேட்டைக்கு வாங்கிய .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் அது. இரண்டு குளிர்காலம் போனேன், அப்புறம் பிள்ளைகள், முதுகுவலி என்று அலமாரியிலேயே கிடந்தது. கூட வேட்டைக்கு வந்த நண்பன் வேலை மாறி கொலராடோ மாநிலத்து டென்வருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனே கேட்டான். "மச்சி, என் லைசென்ஸ் இன்னும் டெக்சாஸ்தானேடா, அங்கே வந்தே வாங்கிக்கிறேன்" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்லவேளை, பக்கத்து டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ஓட்டுநர் உரிமத்தில் எந்த மாநிலம் அச்சாகியிருக்கிறது என்பது பேச்சே இல்லை, ஆள் இப்போது எங்கே குடியிருக்கிறான் என்பதுதான் கணக்கு என்றார். அவன் வீடு எடுத்து, வேலை பார்த்து, குடும்பத்தோடு இருப்பது கொலராடோவில். எனவே அவன் கொலராடோக்காரன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரைஃபிளை வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள டீலருக்கு அனுப்புவது. இன்னொன்று, அவரே உங்கள் ஊருக்கு வந்து உங்கள் ஊர் டீலர் மூலமாக வாங்கிக்கொள்வது. இரண்டாவது வழி ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் மட்டும்தான். கைத்துப்பாக்கி என்றால் அது வாங்குபவரின் சொந்த மாநில டீலருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ரைஃபிளிலும் அந்த விற்பனை இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் ஒத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. கொலராடோவில் துப்பாக்கி கைக்கு வர மூன்று நாள் காத்திருப்பு எல்லாம் இருப்பதால் எங்கள் ஊர் டீலர், "அங்கேயே அனுப்பிவிடு, எனக்கு எதற்கு வம்பு" என்றார்.

அனுப்புவதில்தான் நான் சொதப்பினேன். தனியார் கூரியர்களில் பெரியவை இரண்டும் இப்போது உரிமம் உள்ளவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கி எடுக்கின்றன. தபால் அலுவலகம் வழியாகத் தனிநபர் ஒருவர் வேறு மாநில டீலருக்கு ரைஃபிள் அனுப்பலாம். குண்டு இல்லாமல் இருக்க வேண்டும், பெட்டியின் மேல் உள்ளே இருப்பது இன்னதென்று காட்டும் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது. தோட்டாக்களைத் தபாலில் சேர்க்கவே கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டு, போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, டிராக்கிங்கும் கையெழுத்தும் கேட்டு அனுப்பினேன். என் ஓட்டுநர் உரிமத்தின் நகலை உள்ளே வைக்க மறந்துவிட்டேன். டென்வர் டீலருக்கு எந்தப் பெட்டி யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. தன் பதிவேட்டில் யாரிடமிருந்து பெற்றார் என்று எழுதியாக வேண்டியவர் அவர். நான்கு நாள் அது அவர் கடை மூலையிலேயே கிடந்தது, நண்பன் போன் செய்து கத்திக்கொண்டிருந்தான். ஆகவே அனுப்புவதற்கு முன்பே அந்த டீலரைக் கூப்பிட்டு, தனிநபரிடமிருந்து வாங்குவீர்களா என்று கேளுங்கள், சிலர் வாங்க மாட்டார்கள். அவருடைய உரிம நகலை வாங்கி, இந்த உரிமங்களைக் கொடுக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் இணையதளத்தில் எண்ணைச் சரிபாருங்கள். பெட்டிக்குள் உங்கள் அடையாள நகலோடு வாங்குபவர் பெயர், தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்றையும் வையுங்கள்.

அங்கே போனபின் நண்பன் 4473 என்ற படிவத்தை நிரப்பினான், பின்னணிச் சோதனை நடந்தது, காத்திருப்பு முடிந்து எடுத்துக்கொண்டான். டீலர் கட்டணத்தை அவன் கொடுத்தான், தபால் செலவு என்னுடையது.

ஏன் இத்தனை சுற்று என்று நானும் முனகியவன்தான். 1963இல் கென்னடியைச் சுட்ட ரைஃபிள், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் சிகாகோ கடையிலிருந்து தபாலில் வரவழைத்தது. ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 19.95 டாலர், தபால் செலவு தனி. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இந்தத் தபால் கதவை மூடியது. அதைத் தெரிந்துகொண்டபின் முனகல் கொஞ்சம் குறைந்தது.

இனி நம்மவர்களுக்கான விஷயம். உங்கள் நண்பர் எந்த விசாவில் இருக்கிறார்? குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடை போடுகிறது. சில விலக்குகளில் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சாஸில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி வேட்டையாட வேட்டை உரிமமே தேவையில்லை. "உரிமம் வேண்டாமாம்" என்று கேள்விப்பட்டு எச்-1பி பையன் ஒருவன் நண்பர்களோடு கிளம்பினால், மாநிலச் சட்டப்படி சரி, மத்தியச் சட்டப்படி தப்பு. தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்றால் விற்றவருக்கும் 15 ஆண்டு வரை போகும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்பவனுக்கு இது எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் இந்த ஒன்றுக்கு மட்டும் குடிவரவு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

இதற்குக் குறுக்கு வழியாக, "என் பெயரில் எடுத்து அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று யாரையும் இழுக்காதீர்கள். வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஏப்ராம்ஸ்கி, பென்சில்வேனியாவில் இருந்த மாமாவின் பணத்தில் ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர், கைமாற்றமும் டீலர் வழியாகத்தான் நடந்தது. ஆனால் வாங்கும்போது படிவத்தில் தானே உண்மையான வாங்குபவர் என்று எழுதியிருந்தார். 2014இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது.

விற்றபின் டீலர் பெயர், தேதி, சீரியல் எண் எழுதிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நாளை அந்தத் துப்பாக்கி எங்காவது சிக்கினால் தேடல் தயாரிப்பாளரிடம் தொடங்கி முதல் கடைக்கு வரும், அந்தக் கடையின் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர்.

உங்கள் விஷயத்தில் வேலை சுலபம். ஓக்லஹோமாவில் காத்திருப்பு நாள் கிடையாது. நண்பர் வருகிற அன்று, அவருடைய இப்போதைய முகவரி உள்ள அடையாள அட்டையோடு உங்கள் ஊர் டீலரிடம் இரண்டு பேருமாகப் போங்கள், சோதனை தாமதமாகாவிட்டால் அன்றே முடிந்துவிடும். ஸ்கோப் விலையில் சேர்த்தியா இல்லையா என்பதை மட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் அதைப் பேசாமல் விட்டு, ரைஃபிள் டென்வர் போய்ச் சேர்ந்தபின் போனில் ஒரு வாரம் சண்டை போட்டோம்.