கடலோர வீடும் 81.21 மீட்டரும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் ஐந்து நாள் சுற்றுலாவாக மொரீஷியஸ் வந்தோம். அன்றிலிருந்து இருவருக்கும் அந்தக் கடலோர நினைவுதான். இப்போது ஒரு தரகர் கடற்கரையை ஒட்டிய வீடொன்றின் படங்களை அனுப்பியிருக்கிறார். வீட்டின் முன்னுள்ள மணற்பரப்பும் நமக்கே சேரும் என்றும், வாங்கிவிட்டால் குடியிருப்பு உரிமை தானாக வந்துவிடும் என்றும் சொல்கிறார். பூர்வீக வீட்டை விற்றால் பணம் ஒருவாறு தேறும். மகள்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கே நம்மவர்கள் இருப்பதால் அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறோம். பல்லாண்டுகளாக அங்கே வாழும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் தரகர் சொன்ன இரண்டில் முதலாவது பொய், இரண்டாவது பாதி மெய். மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் தீவைச் சுற்றி, கடல் ஏற்றத்தின் உச்சக் கோட்டிலிருந்து உள்நோக்கி 81.21 மீட்டர் அகலத்துக்கு ஒரு நிலப்பட்டை ஓடுகிறது. அதற்கு ‘பா ஜியோமெத்ரிக்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஐம்பது ‘பா’ (காலடியைக் கொண்ட அவர்களுடைய நீள அளவு) அளந்து ஒதுக்கி வைத்த நிலம் அது. அந்தப் பழைய அளவை மீட்டருக்கு மாற்றியதில்தான் புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த விசித்திரமான 21 வந்தது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அரசின் கையிலேயே நிறுத்தியது. அதன் மிகப் பெரும்பகுதி இன்றும் அரசு நிலம். அதை விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விட முடியும். கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும், இங்கே ‘காம்ப்மான்’ என்று அழைக்கப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இத்தகைய குத்தகை மண்ணில்தான் நிற்கின்றன. ஆகவே இந்தப் பட்டையில் ஒருவர் உங்களுக்கு வீட்டை விற்கிறார் என்றால், கட்டடத்தையும் குத்தகையில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளையும் விற்கிறார் என்றே பொருள். எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன, குத்தகைத் தொகை எப்போது உயரும் என்ற கேள்விகளை உங்கள் கடிதத்தில் காணவில்லை. தரகர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று ஊகிக்கிறேன்.

மணல் எவருடைய சொத்தும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணி அண்டாவும் பாயும் பாட்டுப் பெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், உங்கள் வாசலுக்கு நேர் எதிரேயும் இறங்குவார்கள். எனக்கு அது பிடித்த காட்சி. தனிமையைத் தேடிப் பெருந்தொகை கொடுத்தவர்கள் சிலருக்கு அது இரைச்சல்.

இனி குடியிருப்பு உரிமை. அயல்நாட்டவர் இங்கே அசையாச் சொத்து வாங்குவதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதற்கு விலக்காகத் தொடங்கிய திட்டங்களில் ஒன்று 2002-இல் வந்த ஐ.ஆர்.எஸ். எனும் உல்லாசக் குடியிருப்புத் திட்டம், அதன் இடத்துக்கு 2015-இல் வந்தது பி.டி.எஸ். எனும் சொத்து மேம்பாட்டுத் திட்டம். இத்தகைய திட்டங்களுக்குள் 3,75,000 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் வாங்கினால்தான் வீட்டோடு குடியிருப்பு அனுமதியும் சேர்ந்து வரும். தரைத்தளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு தளங்கள் உள்ள அடுக்ககங்களில், 60 லட்சம் மொரீஷியஸ் ரூபாயிலிருந்து வீடு வாங்க அயல்நாட்டவருக்கு 2016 முதல் வழி உண்டு. ஆனால் விலை அந்த டாலர் வரம்பைத் தொடாவிட்டால் சாவி கிடைக்கும், அனுமதி கிடைக்காது.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வரம்பு விதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தைப் பற்றி வங்கிக்காரரிடம் சொல்வது திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புவது போன்றதுதான். இருந்தாலும் சொந்தக் கணக்கு என்று வரும்போது மற்றவருக்குச் சொல்லும் அறிவுரையை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர். ஆகவே நீங்களும் மனைவியும் சேர்ந்தோ, இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்தோ அனுப்பியாக வேண்டும். தொகை மூன்று கோடி இந்திய ரூபாயைத் தாண்டும். பத்து லட்சத்துக்கு மேற்பட்டதில் 20 விழுக்காடு டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடித்தம் என்றால், ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய் வருமான வரிக் கணக்கு முடியும் வரை உங்கள் கையில் இருக்காது. பிறகு ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த வீட்டைக் காட்ட மறந்தால், இந்தியாவின் 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

மகள்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்குள்ள சொத்துச் சட்டம் பிரெஞ்சு மரபில் வந்தது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கென்று கட்டாயமாக ஒதுக்கப்படும். உங்கள் மனைவிக்கே முழு வீட்டையும் எழுதி வைப்பது அவ்வளவு எளிதல்ல. பத்திரம் எழுதுபவர் ‘நோத்தேர்’ எனப்படும் சட்ட அலுவலர். பத்திரம் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். கையெழுத்திடும் முன் வாரிசுரிமையைப் பற்றி அவரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுற்றுலா வந்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. என் மனைவிக்கும் கடல்மீது ஆசை இருந்ததால் மேற்குக் கரையில் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். முதல் ஆண்டிலேயே கதவுக் கீல்கள் துருவேறின. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி மூன்று ஆண்டுகூடத் தாங்காது என்று பழுது பார்க்க வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாடிச் சுவரில் கம்பி வீங்கி, காரை செதில் செதிலாக உதிர்ந்தது. வீடு சொந்தமானதல்ல என்பதால் அந்தச் செலவு எங்களைச் சேரவில்லை. அறுபது வயதுக்கு மேல் நமக்கு, ஏணியில் நின்று வண்ணம் அடிக்க ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பதே ஒரு முழுநேர வேலை.

அதோடு நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். எச்சரிக்கை நான்கு படிகளாக வரும். மூன்றாம் படியிலேயே ஊர் அடங்கிவிடும். 1960 பிப்ரவரியில் வீசிய கரோல் புயலுக்குப் பிறகுதான் இங்கே மரவீடுகள் மறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகின. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. சுற்றியுள்ள பவளத்திட்டு அலையை உடைப்பதால் நம் கரை ஓரளவு தப்பிக்கிறது. ஆனால் அந்தத் திட்டு நலிந்துவருகிறது, சில கரைகளில் மணலும் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்குகிறது.

நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. 1730-களில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உண்டு. தைப்பூசம் இங்கே நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்கு ஏறும் காவடிகளைப் பார்த்தால் பழனி நினைவுக்கு வரும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சு வழி வந்த க்ரியோல் மொழி. தமிழ் பேச ஆள் தேடினால் கோயிலிலும் தமிழ் வகுப்பிலும் கிடைப்பார்கள். அந்தக் கோயில்களுக்கும் அன்றாடக் காய்கறிச் சந்தைக்கும் ரோஸ்ஹில், காத்ர் போர்ன் போன்ற மேட்டு நகரங்கள் பக்கம். காவலாளி நிற்கும் வேலிக்குள் இருக்கும் கடலோரக் குடியிருப்பிலிருந்து எதற்கும் கார் எடுக்க வேண்டும். உங்களுக்கு எழுபத்தைந்து வயதாகும்போது அந்தக் காரை யார் ஓட்டுவார்?

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வாங்க வேண்டாம், இப்போதைக்கு. 50 வயது கடந்த அயல்நாட்டவருக்கு, எந்த வீடும் வாங்காமலேயே, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை இங்குள்ள வங்கிக்குக் கொண்டுவந்தால் ஓய்வு பெற்றோர் அனுமதி என ஒன்று உண்டு. 2020-களின் தொடக்கத்தில் அந்தத் தொகை 1,500 டாலராக இருந்தது. பூர்வீக வீட்டைப் பூட்டி வையுங்கள், விற்காதீர்கள். மேட்டு நகரம் ஒன்றில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அதில் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் கடலோரத்தில் ஒரு வீடு எடுங்கள். புழுக்கமும் புயலும் கொசுவும் அந்த மூன்று மாதங்களில்தான் முழுமையாகத் தெரியும்.

நீங்கள் வந்தது எந்த மாதம், தங்கியது எந்தக் கரை என்று எழுதவில்லை. கிழக்கே பெல் மாரில் ஜூலை மாதத் தென்கிழக்குக் காற்றில் வராந்தாவில் உட்கார முடியாது. அதே நாளில் மேற்கே ஃபிளிக்-ஆன்-ஃப்ளாக்கில் இலை அசையாது. அதையும், தரகர் அனுப்பிய ஆவணத்தில் குத்தகை முடியும் ஆண்டு எது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.