முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் ஒரு வாரம்

கேள்வி: நாங்கள் பேர்ண் நகரில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து என் பெற்றோர் இந்தக் கோடையில் வந்து இரண்டு மாதம் எங்களோடு தங்கவிருக்கிறார்கள். அப்பாவுக்கு 69 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 65, வலது முழங்காலில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஆனாலும் தினமும் கோயிலுக்கு நடந்தே போய்வருபவர். எங்கள் மகளுக்கு 9 வயது. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் மலைக் கிராமம் ஒன்றில் தங்க எண்ணியிருக்கிறோம். கேபிள் காரில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதாக இல்லாமல், எல்லோருமாக நடக்க வேண்டும் என்பதே ஆசை. எந்த ஊரில் தங்கலாம், எந்தப் பாதைகளில் நடக்கலாம், என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அம்மாவால் ஆல்ப்ஸில் நடக்க முடியும். தினமும் நடக்கும் பழக்கம் உள்ளவருக்குத் தூரம் ஒரு தடையே அல்ல. அவருக்குத் தடையாக இருக்கப்போவது இறக்கம். இங்கு விடுமுறைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் மேலே போக கேபிள் காருக்குப் பணம் கொடுத்துவிட்டு, கீழே நடந்து இறங்குகிறார்கள். முழங்கால் பழுதுபட்டவருக்கு இது முற்றிலும் தலைகீழான ஏற்பாடு. ஏறும்போது களைப்பது நெஞ்சும் தொடையும்தான். நின்று மூச்சு வாங்கினால் அந்தக் களைப்புத் தீர்ந்துவிடும். இறங்கும்போதோ, ஒவ்வொரு அடியிலும் உடலின் முழுப் பாரத்தையும் மடங்கிய முழங்கால் தாங்கிப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முழங்காற்சில்லு தொடை எலும்போடு அழுந்தும் அழுத்தம் அப்போதுதான் மிகுதியாகிறது, ஓய்வெடுத்தாலும் அந்த நோவு அன்றைக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் வாரம் முழுவதையும் ஒரே ஒழுங்கில் அமைத்துக்கொள்ளுங்கள்: மெதுவாக நடந்து ஏறுங்கள், இறங்குவதற்கு கேபிள் காரையோ ரயிலையோ பயன்படுத்துங்கள்.

இதை நான் பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவை மியூரன் என்ற மலைக் கிராமத்திலிருந்து அதற்குக் கீழேயுள்ள கிம்மல்வால்ட் கிராமம் வரை நடத்திக் கூட்டிச் சென்றேன். வரைபடத்தில் அது வெறும் 275 மீற்றர் இறக்கம். பாதையும் தாரிட்ட சாலை. பாதி வழியிலேயே அவர் உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி, வேலிக் கட்டையைப் பிடித்தபடி, ஒரு காலை வைத்து மறுகாலை அதன் அருகே கொண்டுவந்து இறங்கத் தொடங்கினார். அன்று மாலை தங்கியிருந்த வீட்டின் நான்கு படிகளை அவரால் இறங்க முடியவில்லை. அதே சாலையில் கிம்மல்வால்டிலிருந்து மியூரனுக்கு ஏறியிருந்தால் அவருக்கு மூச்சு மட்டுமே வாங்கியிருக்கும். கரடுமுரடான மண்பாதையைவிடச் சரிவான தார்ச்சாலை முழங்காலுக்குக் கடுமையானது என்பதையும் அன்றே அறிந்தேன்.

தங்குவதற்கு நான் பரிந்துரைப்பது மியூரன். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவருக்கு மேலே, 1,638 மீற்றர் உயரத்தில், ஒரு திண்ணை போல நீண்ட தட்டில் அமைந்திருக்கும் கிராமம் அது. பள்ளத்தாக்கிலிருந்து அங்கே பொதுமக்களின் வாகனங்கள் போகும் சாலை கிடையாது. ஆகவே மகளைப் பற்றிய கவலையின்றித் தெருவில் நடக்கலாம். கிரின்டெல்வால்டும் அழகான ஊர்தான், ஆனால் அது 1,034 மீற்றரில் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதால், வீட்டு வாசலைத் தாண்டினால் எந்தப் பக்கமும் ஏற்றம் அல்லது இறக்கமே. மியூரனில் வாசலிலிருந்தே ஏறக்குறைய சமதளமாக நடக்கலாம் என்பதும், எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களும் நாள் முழுவதும் கண்முன் நிற்கும் என்பதும் அதன் சிறப்பு. நடக்க முடியாத நாளில் அம்மா பல்கனியில் அமர்ந்திருந்தாலும் அவருக்கு அந்த நாள் வீணாகாது. பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட், அங்கிருந்து லவுட்டர்புருன்னன், பின் கேபிள் காரில் குரூட்ஷால்ப், அங்கே மலைரயிலுக்கு மாறி மியூரன் என்று ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ரயில் நிலையம் ஊரின் வட முனையிலும், ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்து வரும் கேபிள் கார் நிலையம் தென் முனையிலும் இருப்பதால், வீடு பதியும்போது அது எந்த முனைக்கு அருகில், எத்தனை படி ஏற வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள். ரயில் நிலையப் பக்கமே உங்களுக்கு நல்லது.

காரணம், உங்கள் வாரத்தின் முதன்மையான பாதை அந்த ரயில் தடத்தின் ஓரமாகவே போகிறது. குரூட்ஷால்ப்பிலிருந்து வின்ட்டரெக் வழியாக மியூரன் வரை சுமார் நாலரை கிலோமீற்றர். மொத்த ஏற்றம் 150 மீற்றர் மட்டுமே, அதுவும் கால் உணராத அளவுக்குப் பரவலாக. காலையில் மியூரனிலிருந்து ரயிலில் குரூட்ஷால்ப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி நடந்து வாருங்கள். எதிர்த் திசையில் நடந்தால் அந்த 150 மீற்றரும் இறக்கமாகிவிடும். பாதை அகலமானது, சரளை இட்டது. ஊசியிலை மரங்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே போகும். மரங்கள் விலகும் இடங்களில் இடக்கைப் பக்கமாகப் பள்ளத்தாக்குக்கு அப்பால் மூன்று சிகரங்களும் ஒவ்வொன்றாகத் திறந்து வரும். நடுவில் வின்ட்டரெக்கில் உணவகமும், பிள்ளைகள் விளையாடும் இடமும், கோடையில் பாற்கட்டி செய்யும் பண்ணையும் உண்டு. அம்மாவுக்குக் கால் நொந்தால் அங்கேயே ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். வழியில் நிறுத்திக்கொள்ளக் கூடிய பாதை என்பதுதான் வயதானவர்களோடு நடக்கும்போது பார்க்க வேண்டிய முதல் தகுதி. காட்சி அழகு அதற்குப் பிறகுதான். முதல் நாளும் கடைசி நாளும் இதே பாதையில் நடந்து பாருங்கள். ஒரு வாரத்தில் அம்மாவின் நடை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும்.

இதே தகுதி உடைய இன்னொரு பாதை பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. லவுட்டர்புருன்னனிலிருந்து ஷ்டெக்கல்பெர்க் நோக்கி ஆற்றோரமாகப் போகும் சமதளப் பாதை அது. சுமார் 300 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவியின் அடியில் தொடங்கும். கூடவே அஞ்சல் பேருந்து ஓடுவதால் எங்கும் நிறுத்திக்கொள்ளலாம். முகில் மூடிய நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள ட்ரும்மல்பாக், மலையின் வயிற்றுக்குள்ளேயே பாயும் பத்து அருவிகளின் தொகுதி. மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி அந்த வழியாகவே வடிகின்றன. மகள் அதை மறக்கமாட்டாள். ஆனால் உள்ளே மின்தூக்கி இருந்தாலும் ஈரமான படிகள் நிறைய உண்டு. அம்மா வெளியே இருப்பதே நல்லது.

மியூரனிலிருந்து ஆல்மென்ட்ஹூபலுக்குப் போகும் சாய்தள ரயில் 1912 முதல் ஓடுகிறது. மேலே, 1,907 மீற்றரில், மலர்கள் நிறைந்த சிறு சுற்றுப் பாதை ஒன்று இருக்கிறது. சுற்றிவிட்டு அதே ரயிலில் இறங்குங்கள். கிராமத்துக்கு நடந்து இறங்கும் பாதை மிக அழகானது. அப்பாவும் மகளும் விரும்பினால் அதில் வரட்டும்.

வாரத்தின் நடுவில், வானம் தெளிந்த நாளாகப் பார்த்து, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் உள்ள மென்லிக்கன் மலைக்குப் போய்வாருங்கள். வெங்கன் கிராமத்திலிருந்து கேபிள் காரில் 2,200 மீற்றருக்கு மேல் ஏறி, கிளைன ஷைடெக் கணவாய் வரை நாலரை கிலோமீற்றர் அகலப் பாதையில் ஐகரின் வடமுகத்தைப் பார்த்தபடியே நடக்கலாம். இந்தத் திசையில் சுமார் 170 மீற்றர் இறக்கம் உண்டு. சரிவு மென்மையானது என்பதால் இரண்டு ஊன்றுகோல்களோடு அம்மாவால் இயலும் என்றே நினைக்கிறேன். நான் விதித்த ஒழுங்குக்கு நானே தரும் ஒரே விலக்கு இது; எதிர்த் திசையில் நடந்தால் ஐகர் முதுகுப் பக்கம் போய்விடும். ஷைடெக்கிலிருந்து ரயிலில் திரும்பலாம். நீங்களும் துணைவரும் மட்டும் ஒரு நாள் கடினமாக நடக்க விரும்பினால், ஐகர் பாதையில் ஐகர்கிளெட்சர் நிலையத்திலிருந்து அல்பிக்லனுக்கு இறங்காமல், அல்பிக்லனிலிருந்து 700 மீற்றர் ஏறிப் பாருங்கள். கூட்டம் எதிரே வரும். உங்கள் முழங்கால்களும் மிஞ்சும்.

பாதைக் குறிகளை வீட்டிலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவளே வழிகாட்டியாக முன்னால் நடப்பாள். மஞ்சள் குறி சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை மலைப்பாதை. செங்குத்தும் வழுக்கும் இடங்களும் இருக்கும், உறுதியான சப்பாத்தும் தலைசுற்றாத கண்ணும் தேவை. வெள்ளை-நீலம்-வெள்ளை மிகக் கடினமான உயர்மலைப் பாதை, அது உங்களுக்கானது அல்ல. குறிப்பலகையில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வில்லாமல் நடப்பவருக்கான கணக்கு. உங்கள் குடும்பத்துக்கு அதன் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையின் எந்த வாரம் என்று தெரிவு இருந்தால், ஓகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். யூலைத் தொடக்கத்தில் மலர்கள் மிகுதிதான், ஆனால் உயரமான பாதைகளில் பழைய பனித்திட்டுகள் எஞ்சியிருக்கக் கூடும். கோடைப்பனியில் கால் வழுக்குவது சாதாரண விபத்து அல்ல. எந்த வாரமானாலும் பிற்பகல் இடிமின்னலை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கி, இரண்டு மணிக்குள் கூரை உள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள். இடி கேட்டால் மலைமுகட்டிலும் தனிமரத்தின் கீழும் கம்பி வேலி அருகிலும் நிற்கக் கூடாது. நூறு மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 பாகை வீதம் வெப்பம் குறையும். பேர்ணில் 30 பாகை என்றால் மென்லிக்கனில் 20, காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குளிராகத் தோன்றும். ஆளுக்கொரு மழைச்சட்டையும் கம்பளிச்சட்டையும் பையில் இருக்கட்டும்.

மலைரயிலில் ஏறிச் செல்லும் பனிக் கணவாயான யுங்ஃப்ராவ்யோக் போக வேண்டும் என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். அது 3,454 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவைவிட 900 மீற்றருக்கும் மேல் அதிகம். யாழ்ப்பாணத்தின் கடல்மட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே தலைவலியும் மூச்சிரைப்பும் வரக் கூடும். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள்; போவதானால் வாரக் கடைசியில், உடல் மலைக்குப் பழகிய பின் போங்கள்.

சப்பாத்து புதிதாக வாங்கினால் மூன்று வாரம் முன்பே வாங்கி, வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள். ஊன்றுகோலின் அளவு, அதைத் தரையில் ஊன்றிப் பிடிக்கும்போது முழங்கை செங்கோணமாக மடங்குவது. இறங்கும்போது ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் நீட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பாரம் கைக்கு மாறும். அம்மா சேலையில்தான் நடப்பேன் என்றால், சமதளப் பாதையில் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டி நடக்கட்டும். மென்லிக்கனுக்கு மட்டும் சல்வார் அணியச் சொல்லுங்கள். ஊன்றுகோலின் முனை சேலைக் கரையில் சிக்கும்.

பசுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அம்மாமார் பசுவைக் கண்டால் கும்பிட்டு, கிட்டப் போய் நெற்றியைத் தடவுவார்கள். இங்கே மேய்ச்சல் நிலத்தில் பல இடங்களில் நிற்பவை கன்றோடு நிற்கும் தாய்ப்பசுக்கள்; கன்றுக்கு ஆபத்து என்று நினைத்தால் முட்டும், மிதிக்கும்; மனிதர் இறந்ததும் உண்டு. தூரத்திலிருந்து கும்பிடச் சொல்லுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் இடையே ஒருபோதும் போகாதீர்கள். படலையைத் திறந்தால் மூடிவிட்டே செல்லுங்கள்.

பெற்றோரின் விசாவுக்காக எடுத்த பயணக் காப்புறுதியில் மலைமீட்பு, ஹெலிகொப்டர்ச் செலவு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; உங்களுடைய காப்புறுதி அவர்களைக் காக்காது. மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414, மருத்துவ வண்டிக்கு 144. உங்களிடம் ஹால்ப்டாக்ஸ் என்ற அரைக்கட்டண அட்டை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு அதுபோன்ற அட்டை விற்கிறார்கள். தினமும் இரண்டு மூன்று தடவை கேபிள் காரிலும் ரயிலிலும் இறங்கப்போகிறவர்களுக்கு அது நிச்சயம் மிச்சம்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். மியூரனில் கோப் கடை உண்டு, ஆனால் குத்தரிசியும் மிளகாய்த்தூளும் பேர்ணிலிருந்தே போக வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்கும் சற்றுக் குறைவிலேயே கொதிப்பதால், திறந்த சட்டியில் பருப்பும் குத்தரிசியும் வேகவே வேகாதது போலத் தோன்றும். பிரஷர் குக்கரைக் கொண்டுபோங்கள். அங்குள்ள அடுப்பு இண்டக்ஷனா என்று முன்பே கேளுங்கள், அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது.

பெற்றோர் வந்து பயணக் களைப்புத் தீர்ந்ததும், வீடு பதிவதற்கு முன்பே, ஒரு காலையில் அம்மாவை பேர்ணை அடுத்த வாபர்னுக்குக் கூட்டிச் சென்று, குர்ட்டன் குன்றில் நடந்து ஏறச் சொல்லுங்கள். அடியிலிருந்து உச்சி வரை சுமார் 270 மீற்றர். பாதி வழியில் கிரூனன்போடன் இடைநிலையம் இருப்பதால் அங்கேயே நிறுத்தலாம். இறங்குவது சாய்தள ரயிலில். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்காவிட்டால் மேலே சொன்ன எல்லாப் பாதைகளும் அவருக்கு உரியவை. வீங்கினால் மென்லிக்கனை விட்டுவிடுங்கள். வின்ட்டரெக் வரையிலான பாதி நடையை மட்டும் வைத்துக்கொண்டு மியூரனுக்கே போங்கள்.