நான்கு இரவு நடுக்கடலில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 66 வயது, கணவருக்கு 71. மதுரையில் இருக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், பேரன் பேத்திகள், மகள் குடும்பம் என ஒன்பது பேரும் சேர்ந்து சொகுசுக் கப்பலில் போகலாம் என்கிறான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். என் அப்பா 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் டெக் பயணியாகப் பினாங்கு போனவர். வழிநெடுக வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்ததைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கடல் பக்கம் விடவில்லை. அதே பணத்துக்கு நல்ல ஹோட்டலில் தங்கலாமே? இத்தனை பேர் இதை ஏன் விரும்புகிறார்கள்? எனக்கு மூட்டுவலி, கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நாங்கள் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. மூட்டுவலிக்கும் இன்சுலினுக்கும் என்ன ஏற்பாடு செய்துகொள்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் அப்பாவின் கப்பலைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ரஜூலா 1926ல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. டெக் பயணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடமே படுக்கை, பெட்டியே தலையணை. உங்கள் அப்பா சொன்னதில் மிகை எதுவும் இருக்காது. ஆனால் அந்தக் கப்பலின் அளவு சுமார் 8,500 டன். இன்று சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பல் சுமார் 1,50,000 டன். இந்த டன் எடைக் கணக்கு அல்ல. கப்பலுக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் பதினேழு, பதினெட்டு ரஜூலாக்கள் அதற்குள் அடங்கும். இன்றைய பெரிய கப்பல்களின் இரு பக்கமும், நீருக்கு அடியில், மீனின் துடுப்புகளைப் போல இரண்டு இறக்கைகள் உண்டு. அலை கப்பலை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் அவை திரும்பி மறுபக்கம் அழுத்தி, ஆட்டத்தைப் பெருமளவு குறைத்துவிடும். போகும் வழியும் வேறு. உங்கள் அப்பா வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்தார். நீங்கள் போகப்போவது பெரும்பாலும் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம் என்று இரு கரையும் அணைத்து நிற்கும் கடல் அது.

அன்று கப்பல் என்பது ஊர் போய்ச் சேர்வதற்காகப் பட வேண்டிய பாடு. விமானம் வந்ததும் அந்தப் பாட்டைப் படுவதற்கு அவசியமில்லாமல் போனது. 1958ல் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், அங்கே ஓடிய பயணிகள் கப்பல்களுக்குக் கூட்டம் வற்றியது. கப்பல்கள் பிழைத்தது, அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்திருந்த வேறொரு யோசனையால். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் ஆள் இல்லாமல் சும்மா கிடந்த அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார். 241 பயணிகள் போனார்கள். யாருக்கும் எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகக் காசு கொடுத்தார்கள். உங்கள் மகன் அழைக்கும் பயணம் அந்த வழியில் வந்ததுதான்.

இனி, இத்தனை பேர் ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்வி. ஆறு ஆண்டுகள் ஒரு கப்பலின் விருந்தினர் சேவைப் பிரிவில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து தருவதே என் தொழில். நீச்சல் குளம், நாடகம், பாட்டு, விதவிதமான சாப்பாடு என்று விளம்பரம் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் இறங்கிப் போகிறவர்கள் என்னிடம் சொல்லும் காரணம் அவை அல்ல.

ஒன்பது பேர் தரைவழியாக இரண்டு ஊர் பார்க்கும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பெட்டி கட்ட வேண்டும். ஹோட்டலைக் காலி செய்ய வேண்டும். வேன் வரவில்லை என்று யாராவது போனில் கத்திக்கொண்டிருப்பார்கள். குழந்தைக்குப் பசி, தாத்தாவுக்குக் கழிப்பறை. மதியம் எங்கே சாப்பிடுவது என்று ஒரு விவாதம், சாப்பிட்ட பிறகு அந்த இடம் சரியில்லை என்று இன்னொரு விவாதம். இத்தனையையும் யாரோ ஒருவர் தலையில் சுமப்பார். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாதான், அல்லது மகன். ஊர் திரும்பியதும் அவருக்குத்தான் ஓய்வு தேவைப்படும். கப்பலில் பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்து அலமாரியில் அடுக்குகிறீர்கள். அதன் பிறகு நீங்கள் தூங்கும்போது ஊர் உங்களைத் தேடி வருகிறது. சமையல், வண்டி, அறை, அடுத்து எங்கே என்ற யோசனை எல்லாவற்றையும் இன்னொருவர் சுமக்கிறார். பயணத்தின் வேலைப்பளு கழன்று பயணம் மட்டும் மிஞ்சுகிறது. நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய பெண்மணிகள் மூன்றாம் நாள் காலையில் "இன்றைக்கு நான் எதையும் நினைக்கவே இல்லை" என்று சொல்லி என் மேசை முன்னால் நின்றிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் உங்களைப் போன்ற பெரிய குடும்பங்களுக்கே உரியது. எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பேரன் தண்ணீர்ச் சறுக்கில் விளையாடட்டும், மருமகள் மதியம் வரை தூங்கட்டும், உங்கள் கணவர் நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கட்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், யாரும் தொலைந்துபோகவும் மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் கூடும்போது ஒவ்வொருவரிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பதினொரு பேர். பகல் முழுக்க ஆளுக்கொரு தளத்தில் இருப்பார்கள். இரவு ஏழரைக்கு முதல் ஆளாகப் பாட்டி வந்து உட்கார்ந்து, நாற்காலிகளை எண்ணிச் சரிபார்ப்பார். கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி இரவு அவர் என்னிடம் கேட்டது, "இன்னும் இரண்டு நாள் நீட்டிக்க முடியாதா தம்பி?"

மூன்றாவது, கடல். இதை வாயால் சொல்லி விளங்க வைப்பது கடினம். கப்பல் துறைமுகத்தை நெருங்கும் நேரத்தில் ஒரு தடவையாவது மேல்தளத்துக்குப் போங்கள். காற்றில் உப்பு பிசுபிசுக்கும், கைப்பிடிக் கம்பி ஈரமாக இருக்கும். கரையிலிருந்து ஒரு சின்னப் படகு புறப்பட்டு இந்த மலைபோன்ற கப்பலின் விலாவை ஒட்டி ஓடி வரும். இரண்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, அந்தப் படகிலிருந்து ஒருவர் கயிற்றேணியைப் பிடித்துக் கப்பலுக்குள் ஏறுவார். அவர்தான் பைலட், அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்து கப்பலுக்கு வழிகாட்டுபவர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

உங்கள் ஹோட்டல் யோசனையையும் தள்ளிவிட மாட்டேன். ஓர் ஊரை ஆற அமரப் பார்க்க வேண்டும், அதன் தெருக்களில் இரவில் நடக்க வேண்டும், அங்குள்ளவர்களோடு பழக வேண்டும் என்பவர்களுக்குக் கப்பல் சரிப்படாது. ஒரு துறைமுகத்தில் கிடைப்பது ஆறு முதல் பத்து மணி நேரம். அதில் ஏறி இறங்குவதற்கே ஒரு பகுதி போய்விடும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் சிரமம்தான். உங்கள் விஷயத்தில் நோக்கம் ஊர் பார்ப்பது அல்ல, ஒன்பது பேரும் சேர்ந்திருப்பது. அதனால்தான் போங்கள் என்கிறேன்.

மூட்டுவலிக்கு வருவோம். கேபின் குளியலறை வாசலில் பெரும்பாலும் சில அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வைத்தது. இரவில் காலை இடித்துக்கொள்பவர்கள் அதிகம். சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறைகளில் அது இருக்காது, குளியலறையில் கைப்பிடியும் இருக்கும். அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் மகனிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை எடுங்கள். பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் நுனியைவிட நடுப்பகுதி குறைவாக ஆடுவதுபோல, ஆட்டமும் அங்கேதான் குறைவு. பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் உண்டு. நீங்கள் இருவரும் அறையில் அதிக நேரம் இருப்பீர்கள் என்பதால் உங்களுக்கு மட்டும் பால்கனி எடுக்கலாம். ஓடியாடும் பிள்ளைகளுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும்.

புக்கெட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெரிய கப்பல்கள் பல அங்கே கரையில் கட்டப்படுவதில்லை; பட்டோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். அலையில் ஏறி இறங்கும் படகில் கால் வைப்பது மூட்டுவலிக்காரர்களுக்குப் பாதுகாப்பல்ல. உங்கள் கப்பல் எப்படி நிற்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். படகுதான் என்றால் அன்று நீங்கள் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். கூட்டம் முழுக்க இறங்கிப்போன கப்பலில் இருக்கும் அமைதிக்கு ஈடில்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரையில் அலை எழும்; சில நாள் இறக்குவதையே ரத்து செய்வார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தேதி கிடைத்தால் நல்லது.

இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைக் குளிர்விக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். மருந்துக்குக் குளிர்பெட்டி வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். பஃபே சாப்பாடு சர்க்கரைக்காரர்களுக்குச் சோதனை. முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். சைவச் சாப்பாட்டுக்கும் அப்படித்தான்.

வாந்தி பயம் இன்னும் விடவில்லை என்றால் இதை அறிந்துகொள்ளுங்கள். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. அசையாத அறைச் சுவரைப் பார்க்கும் கண் "இல்லை" என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். கண்ணுக்கு அடிவானத்தைக் காட்டினால் சண்டை ஓயும். அந்த நேரத்தில் போனையோ புத்தகத்தையோ பார்க்காதீர்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும். மாத்திரை வேண்டுமானால், கணவர் சாப்பிடும் மருந்துகளைச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் கடுமை. ஏற்கெனவே உள்ள நோய்களையும், கப்பலிலிருந்து அவசரமாகக் கரைக்கு அழைத்துப்போகும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

பணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சொல்லும் கட்டணம் இருவர் ஓர் அறையைப் பகிர்வதாக வைத்து, ஆள் ஒருவருக்கு. துறைமுக வரி, பணியாளர்களுக்கான தினசரிச் சேவைக் கட்டணம், இணையம், பானங்கள், தனி உணவகங்கள், கரைச் சுற்றுலா ஆகியவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஹோட்டலோடு ஒப்பிட வேண்டும். ஏறியதும் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்; நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக இணைந்துவிட்டால் வரும் பில் அதிர வைக்கும்.

விசாவில் பலர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூருக்குள் வந்து, கப்பலில் வெளியேறி, மறுபடியும் நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் மாதத்தில் மறுபடியும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால் இருக்கும். கரையில் இறங்கினால் போன் தானாக மாறிவிடும், கப்பல் பழைய நேரத்திலேயே இருக்கலாம். பிள்ளைகளிடம் கப்பல் நேரத்தில் ஓடும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். சொந்தமாக ஊர் சுற்றப் போய்த் தாமதமானவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். களைப்பாக இருந்தாலும் தட்டிக்கழிக்காதீர்கள். 2012ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலர் பயிற்சியே பெற்றிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதி வந்தது. ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படியில் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை மெதுவாக நடந்து பார்த்துவிடுங்கள்.

பினாங்கில் கவலை இல்லை. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு ஒட்டி நிற்கும். சாய்வுப் பாலம் வழியாக நடந்தே இறங்கலாம். அங்கிருந்து லிட்டில் இந்தியா மிகப் பக்கம், டாக்ஸியில் சில நிமிடம். குயின் தெருவில் 1833ல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. உங்கள் அப்பா பினாங்கில் இருந்த காலத்தில் அந்த வாசலைக் கடக்காமல் இருந்திருக்க மாட்டார். நண்பகலில் நடை சாத்தியிருக்கலாம். கப்பல் பிற்பகலில் வருவதாக இருந்தால் மாலை நடை திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.