மே மாசம் வந்தாலே பயமா இருக்கு, அரிசோனாவ விட்டுப் போயிடலாமா?

கேள்வி: அக்கா, நாங்க அரிசோனால, ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல இருக்கோம். வந்து எட்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் சிப் கம்பெனில வேலை, எச்-1பி விசா, க்ரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 3. 2021ல 3 பர்சன்ட் வட்டில வீடு வாங்கினோம். நான் முன்னாடி சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தேன், பையன் பொறந்ததும் விட்டுட்டேன். எச்-4 விசால வேலை பாக்க அனுமதி தர்ற இஏடி கார்டு கைல இருக்கு, ஆனா வேலை தேடல. மே மாசம் வந்தாலே வயித்த கலக்குது. அக்டோபர் வரைக்கும் கர்ட்டன மூடிட்டு உள்ளயே கிடக்கோம், அவர் வர்ற வரைக்கும் பெரியவங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. தூக்கமும் சரியா இல்ல, பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன். பையனுக்கு தூசிக்காத்து அடிச்சா வீசிங் வருது. இப்ப அவருக்கு சியாட்டில் பக்கம் வேற ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்கு. அவரோ "நவம்பர் ஆனா நாடே இங்க ஓடி வருது, நாம ஏன் ஓடணும், நாலு மாசம் ஏசில இருந்தா முடிஞ்சுது"ங்கறார். போன ஃப்ரெண்ட்ஸ்ல சிலர் திரும்பி வந்தும் இருக்காங்க. போகலாமா, இருக்கலாமா?
– சாண்ட்லர் வாசகி

பதில்:

வெயில் தாங்கலன்னு சொல்றதுக்கு நீங்க கூச்சப்படவே வேண்டாம் மா. 2023 ஜூலைல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு குறையவே இல்ல, அதாவது 43 செல்சியஸுக்கு மேல. அதுல தொடர்ச்சியா 16 நாள் ராத்திரில கூட 90க்கு கீழ இறங்கல. அந்த ஒரு வருஷத்துல மட்டும் ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் இருக்கற மாரிக்கோபா கவுன்ட்டில வெயிலால 645 பேர் இறந்தாங்கன்னு கவுன்ட்டியே கணக்கு குடுத்திருக்கு. அதுக்கு அடுத்த வருஷம், 2024ல, தொடர்ந்து 113 நாள் 100க்கு மேல. "மெட்ராஸ்ல வளர்ந்தவளுக்கு இது ஒரு வெயிலா"ன்னு யாராவது கேட்டா பதில் சொல்லிட்டு நிக்காதீங்க. சென்னைல சாயங்காலம் ஆனா மொட்டை மாடிக்காவது ஏறலாம், கடல் காத்து வரும். ஃபீனிக்ஸ் சுத்துவட்டாரத்துல ரோடும் கான்கிரீட்டும் பகல் முழுக்க வாங்கின சூட்ட ராத்திரி முழுக்க திருப்பி விட்டுட்டே இருக்கும், உடம்புக்கு ஓய்வே கிடைக்காது.

உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். ஒரே வீட்ல இருந்துட்டு நீங்களும் அவரும் ரெண்டு வேற வேற ஊர்ல வாழறீங்கன்னு எனக்கு தோணுது. அவரோட ஜூலைய யோசிச்சு பாருங்க, கராஜ்லேர்ந்து கார், கார்லேர்ந்து ஆஃபீஸ், கேன்டீன், நாலு பேரோட பேச்சு, திரும்ப கராஜ். வெயில்ல அவர் நிக்கறதே பார்க்கிங்ல சில நிமிஷம்தான். உங்களோட ஜூலை, மூணு வயசு பையன கார் சீட்ல உக்கார வச்சு கொதிக்கற பக்கிள மாட்டறது, சறுக்கு மரத்த தொட்டா கை சுடும்னு பார்க்குக்கே போகாதது, செருப்பு இல்லாம ஒரு அடி வெளிய வச்சுட்டானோன்னு பதறறது. பதறறதுல நியாயம் இருக்கு, அங்க தார் ரோடு 160 டிகிரி தாண்டும், சில செகண்ட்லயே தோல் வெந்துடும், கீழ விழுந்து தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. "நாலு மாசம் ஏசில இருந்தா முடிஞ்சுது"ன்னு அவர் சொல்றது அவரோட அனுபவத்துல உண்மை. ஆனா அந்த நாலு மாசத்த ஏசிக்குள்ள உக்காந்து கழிக்கறது நீங்க. அதனால இந்த முடிவுல உங்க வார்த்தைக்கு கொஞ்சம் கூடுதல் எடை இருக்கணும்ங்கறது என் அபிப்பிராயம்.

அவர்கிட்ட சண்டை போட்டு புரிய வைக்க முடியாது. ஒண்ணு கேளுங்க. இந்த கோடைல ஒரு வாரம் லீவு போட்டுட்டு, டூர் எதுவும் போகாம, காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் ரெண்டு பிள்ளைங்களையும் அவர் தனியா பாத்துக்கட்டும், நீங்க லைப்ரரியோ ஃப்ரெண்டு வீடோ எங்கயாவது போயிடுங்க. பழி வாங்கறதுக்காக சொல்லல, அவர் நல்ல மனுஷர்னுதான் உங்க லெட்டர்லேர்ந்து தெரியுது, பாக்காத ஒண்ண அவரால எப்படி எடை போட முடியும்.

அதே நேர்மையோட உங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. போன டிசம்பர், ஜனவரில நீங்க எப்படி இருந்தீங்க? அரிசோனால அது சொர்க்கம் மாதிரி இருக்கற சமயம், சவுத் மவுன்ட்டன் ட்ரெயில்ல பிள்ளைங்கள கூட்டிட்டு நடக்கலாம், பார்க்ல உக்காந்து சாப்பிடலாம். அப்ப வெளிய போனீங்களா, யாரையாவது பாத்தீங்களா, சிரிச்சீங்களா? ஆமாம்னா உங்க பிரச்சனை வெயில்தான், ஊர் மாறினா நிச்சயமா மாறும். இல்ல, ஜனவரிலயும் கர்ட்டன் மூடிதான் இருந்துச்சு, யாரும் பேச்சுத்துணைக்கு இல்ல, பகல் நீளமாதான் போச்சுன்னா, சியாட்டில் அத சரி பண்ணாது. அங்க டிசம்பர்ல 4.20க்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மேகமும் தூறலும்தான். இங்க வெயிலுக்கு பயந்து உள்ள இருந்த மாதிரி அங்க மழைக்கு பயந்து உள்ள இருப்பீங்க, கூட தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இருக்காது. திரும்பி வந்த உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காரணம் கேட்டு பாருங்க, ஒண்ணு வீட்டு விலை, இல்லன்னா முதல் குளிர்காலம், ரெண்டுல ஒண்ணா இருக்கும்னு நினைக்கறேன்.

தூக்கமின்மை, எரிச்சல்னு எழுதிருக்கீங்க. குளிர்காலத்துல வர்ற மனச்சோர்வு மாதிரியே கோடைல மட்டும் வர்ற மனச்சோர்வும் உண்டு, அதுல தூக்கம் கெடும், பசி குறையும், கோபம் வரும். எங்க போறதா இருந்தாலும், போகலன்னாலும், உங்க டாக்டர்கிட்ட இத வாய்விட்டு சொல்லுங்க. பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்னு எழுதினப்ப அதுல இருந்த குற்ற உணர்ச்சி எனக்கு தெரிஞ்சுது, நீங்க கெட்ட அம்மா இல்ல மா, களைச்சுப்போன அம்மா.

பையனோட வீசிங்குக்காக போறோம்னு மட்டும் முடிவு எடுத்துடாதீங்க. மான்சூன் சமயத்துல வர்ற ஹபூப்ங்கற பெரிய தூசிப் புயல், கோடைல ஃபீனிக்ஸ் காத்துல ஏறற ஓசோன் மாசு, ரெண்டும் அவனுக்கு ஆகாதுதான். ஆனா சியாட்டில் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர்ல காட்டுத்தீ புகை வரும், 2020 செப்டம்பர்ல நகரமே பல நாள் புகைக்குள்ள கிடந்துச்சு. ஈரத்துல வீட்டுக்குள்ள பூஞ்சையும் பிடிக்கும். அலர்ஜி டாக்டர்ட்ட டெஸ்ட் எடுத்து அவனுக்கு எது ஒத்துக்கலன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. அங்க வீடு பாக்கும்போது ஏசி இருக்கான்னு கேளுங்க, பல பழைய வீடுங்கள்ல கிடையாது, 2021 ஜூன் 28ல அந்த குளிர் ஊர்லயே 108 டிகிரி அடிச்சுது.

இப்ப வீடு. அவர் மனசுல பெருசா உறுத்தறது இதுவாத்தான் இருக்கும், வாய்விட்டு சொல்லலன்னாலும். 3 பர்சன்ட் லோன விட்டுட்டு இன்னிக்கு மார்க்கெட் வட்டில, அதுவும் சியாட்டில் பக்கத்து பெல்வியூ, ரெட்மண்ட் விலைல வீடு வாங்கறதுன்னா யாருக்கும் வயிறு எரியும். அதனால விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க. ஃபெடரல் டாக்ஸ் ரூல் என்னன்னா, விக்கற தேதிக்கு முந்தின அஞ்சு வருஷத்துல மொத்தமா ரெண்டு வருஷம் அந்த வீட்ல நீங்க குடியிருந்திருந்தா, கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்றப்ப 5 லட்சம் டாலர் வரைக்கும் லாபத்துக்கு வரி கிடையாது. அதாவது வீட்ட காலி பண்ணிட்டு போன நாள்லேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் வாடகைக்கு விட்டுட்டு அப்புறம் வித்தாலும் அந்த சலுகை உங்களுக்கு உண்டு, வாடகைக்கு விட்ட காலத்துக்கான டெப்ரிசியேஷனுக்கு, அதாவது வீட்டோட தேய்மானக் கழிவுக்கு, மட்டும் வரி வரும். ரெண்டு குளிர்காலம் இருந்து பாத்துட்டு பிடிக்கலன்னா திரும்பி வர அதே வீடு, அதே வட்டி காத்திட்டிருக்கும். உங்க குடியிருப்போட வீட்டு உரிமையாளர் சங்கம், எச்ஓஏல, வாடகைக்கு விட தடை இருக்கான்னு பாருங்க, கவுன்ட்டி அசெசர்கிட்ட அத ரென்டல்னு ரிஜிஸ்டர் பண்ணணும், இன்ஷூரன்ஸ மாத்தணும். சியாட்டில்ல ரெண்டு வருஷம் வாடகை வீடுதான், வாங்கற பேச்சே எடுக்கக்கூடாதுன்னு ரெண்டு பேரும் முதல்லயே பேசி வச்சுக்கோங்க.

ஸ்டேட் டாக்ஸ் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், அரிசோனால ஒரே ரேட் 2.5 பர்சன்ட், வாஷிங்டன்ல உங்கள மாதிரி சம்பளக்காரங்களுக்கு ஸ்டேட் இன்கம் டாக்ஸே இல்ல, ஆனா மிச்சமாகறத வாடகையும் டேகேரும் தின்னுடும்.

விசா விஷயத்துல அவசரம் கூடாது. வேற கம்பெனிங்கறதால எச்-1பி ட்ரான்ஸ்ஃபர், அதுக்கு திரும்ப விசா லாட்டரி குலுக்கல் கிடையாது. ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிட்டதால, பழைய கம்பெனி அத வாபஸ் வாங்கினாகூட உங்க ப்ரையாரிட்டி டேட், அதாவது க்ரீன் கார்டு வரிசைல உங்க இடத்த குறிக்கற தேதி, உங்ககிட்டயே இருக்கும். ஆனா க்ரீன் கார்டுக்கு புது கம்பெனி பெர்ம்ங்கற முதல் படிலேர்ந்து எல்லாத்தையும் மறுபடி ஆரம்பிக்கணும், அத எப்ப ஆரம்பிப்பாங்கன்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கச் சொல்லுங்க, ஒரு வக்கீல்கிட்டயும் காட்டிடுங்க. உங்க இஏடி எப்ப முடியுதுன்னு பாருங்க, 180 நாள் முன்னாடிலேர்ந்தே ரின்யூ பண்ண அப்ளை பண்ணலாம். அந்த கார்டு சும்மா டிராயர்ல கிடக்கறதுதான் உங்க லெட்டர்லயே என்னை ரொம்ப உறுத்தின விஷயம்.

அரிசோனால தண்ணி தீர்ந்து ஊரே காலியாகும், வீடு விலை போகாதுன்னு பயமுறுத்தறவங்க பேச்ச இப்போதைக்கு தள்ளி வைங்க. 2021 ஆகஸ்ட்ல அரிசோனாவுக்கு தண்ணி தர்ற கொலராடோ ஆத்துல முதல் தடவையா பற்றாக்குறை அறிவிச்சப்ப அடி வாங்கினது பெரும்பாலும் பினால் கவுன்ட்டி விவசாயிங்க, சாண்ட்லர் வீட்டு குழாய் இல்ல. ஆனா பற்றாக்குறை வந்தா ஆத்து தண்ணிய யாருக்கு எவ்வளவு குறைக்கறதுங்கற 2007 விதிகள் 2026 கடைசி வரைக்கும்தான், அதனால வீட்ட பத்து வருஷம் வச்சிருக்கறதா இருந்தா அந்த செய்திய தொடர்ந்து படிங்க.

என் பதில் என்னன்னா, ஜனவரில நீங்க சந்தோஷமா இருந்தீங்கன்னா போங்க. தயங்காதீங்க, ஒரு வருஷத்துல அஞ்சு மாசம் பயந்துட்டே வாழறது எட்டு வருஷம் போதும். ஜனவரிலயும் இருட்டாத்தான் இருந்துச்சுன்னா, ஆஃபர ஒத்திப்போட முடியுமான்னு கேட்டுட்டு, முதல்ல பையன அரை நாள் ப்ரீஸ்கூல்ல விட்டு நீங்க வேலை தேட ஆரம்பிங்க, வாரத்துல ஒரு நாளாவது பெரியவங்களோட உக்காந்து பேசற மாதிரி எதையாவது பிடிங்க, கோவில் வாலன்டியரோ தமிழ்ப் பள்ளியோ எதுவா இருந்தாலும் சரி. கோடைல சனி ஞாயிறு மலை ஊரான ஃபிளாக்ஸ்டாஃப் போயிடுங்க, ரெண்டு ரெண்டரை மணி நேர டிரைவ்தான், 7000 அடி உயரம், இருபது டிகிரிக்கு மேல குறைவா இருக்கும், பையன் மண்ல விளையாடட்டும். அப்படி ஒரு வருஷம் பண்ணியும் மே மாசம் வயித்த கலக்கினா அப்ப யாரும் உங்கள கேள்வி கேக்க முடியாது.

ரெண்டுல எதுவா இருந்தாலும் சியாட்டில ஆகஸ்ட்ல போய் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஆகஸ்ட்ல அந்த ஊர் யாரையும் மயக்கிடும், ராத்திரி எட்டு மணி தாண்டியும் வெளிச்சம், ஏரி, மலைன்னு. ஜனவரி கடைசில பிள்ளைங்களோட ஒரு வாரம் போங்க. ஹோட்டல்ல தங்காம, நீங்க குடிபோக நினைக்கற ஏரியால ஒரு சின்ன வீடு எடுத்து தங்குங்க, அவர் லேப்டாப்ல வேலை பாக்கட்டும், நீங்க மழைல ரெயின்கோட் போட்டு பையன பார்க்குக்கு கூட்டிட்டு போய் பாருங்க. அந்த ஒரு வாரத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும். கம்பெனி அதுக்குள்ள பதில் கேட்டா ஜாயினிங் தேதிய தள்ளிக் கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல.

போறதுன்னு ஆயிட்டா, புது வீட்டுக்கு மாறின 10 நாளுக்குள்ள, குடியேற்றத் துறைக்கு அட்ரஸ் மாறினத சொல்ற ஏஆர்-11 ஃபார்ம்ல உங்க ரெண்டு பேர் அட்ரஸையும் மாத்திடுங்க, பிள்ளைங்க இங்கயே பொறந்த அமெரிக்க சிடிசனா இருந்தா அவங்களுக்கு தேவையில்ல. அங்க போய் முதல் சில மாசத்துல யாருக்காவது விடாத இருமல், காய்ச்சல், அசதி வந்தா, நாங்க அரிசோனால இருந்து வந்திருக்கோம், வேலி ஃபீவரான்னு பாருங்கன்னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது மண்ல இருக்கற ஒரு பூஞ்சையால வர்றது, அமெரிக்கால பதிவாகற கேஸ்ல பெரும்பகுதி அரிசோனா, கலிஃபோர்னியாலதான், அந்த ஊர் டாக்டருங்களுக்கு சட்டுனு நினைவுக்கு வராம சாதாரண நிமோனியான்னு மருந்து குடுத்துட வாய்ப்பிருக்கு. பையனுக்கு ஏற்கனவே நெஞ்சு வீக்கா இருக்கறதால அவன் ஃபைல்ல இத முதல் நாளே எழுதி வைக்கச் சொல்லிடுங்க.