அம்புக்குறியை மூடிவிட்டு ஆறுகளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வகுப்புச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் கைபர் கணவாய் வழியாக ‘ஆரியர் வருகை, கி.மு. 1500’ என்று தடித்த அம்புக்குறி இருக்கிறது. சில பெற்றோர் அதை அழிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர், சிந்துவெளியிலிருந்து தெற்கே இன்னொரு அம்பு போட்டுத் திராவிடர் விரட்டப்பட்டதையும் காட்டச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்கிற விஷயம் அல்ல இது. அம்பு என்பது விடை. கணக்கைப் போடாமல் விடையை மட்டும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு தாளை ஒட்டி மூடிவிட்டு, ஆறுகளிலிருந்து தொடங்குங்கள்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 75-ஆம் பாடல் ஆறுகளைப் பேர் சொல்லி அழைக்கிறது. கங்கை, யமுனை, சரசுவதி, அடுத்து சுதுத்ரி என்ற சட்லெஜ், பருஷ்ணி என்ற ராவி, அசிக்னி என்ற செனாப், விதஸ்தா என்ற ஜீலம். பாடலைப் படிக்கப் படிக்கப் பிள்ளைகள் குண்டூசி குத்தட்டும். ஊசி மேற்கே நகர்ந்துகொண்டே போய், சிந்துவையும் தாண்டிக் காபூல் ஆறு வரை செல்லும். அதே நூலில் கங்கையின் பேர் ஓரிரு இடங்களில்தான் வருகிறது. அந்தக் கவிகள் நன்கு அறிந்த மண் எது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். பின்னால் வந்த வேதகால உரைநூலான சதபத பிராமணத்தில் விதேக மாதவன் என்ற மன்னன் நெருப்பின் பின்னே சரசுவதிக் கரையிலிருந்து கிழக்கே சதாநீரா வரை போகிறான். அதை இன்று பீகாரில் ஓடும் கண்டகி ஆறு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அங்கேயும் ஓர் ஊசி.

அடுத்து, இந்திய வரைபடத்தின் பக்கத்தில் ஆசிய வரைபடம் ஒன்றை மாட்டுங்கள். துருக்கியில் போகஸ்கோயில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட், மிட்டானி என்ற மேற்காசிய அரசுகளின் மன்னர்கள் செய்த உடன்படிக்கை இருக்கிறது. சாட்சித் தெய்வங்களில் ரிக் வேதம் பாடும் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்)! மிட்டானி நாட்டுக் கிக்குலி எழுதிய குதிரைப் பயிற்சிக் குறிப்பில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழுக்கு ‘ஐக, தேர, பன்ஸ, சத்த’ என்று வருகிறது. காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய இந்தோ-ஆரியச் சொற்கள், அதாவது சமஸ்கிருதக் குடும்பத்துச் சொற்கள் இவை. உங்கள் வரைபடம் ஆப்கானிஸ்தானோடு முடிந்துவிட்டால் பிள்ளைகள் இதை எங்கே பார்ப்பார்கள்?

அம்பை அழிக்கச் சொல்பவர்கள் ஹரியானாவில் உள்ள ஹரப்பா கால ஊரான ராக்கிகடியைக் காட்டுவார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வு, ஹரப்பா நகரங்கள் செழித்திருந்த காலத்துப் பெண் ஒருத்தியின் மரபணுவைப் பற்றியது. அவளிடம், ஆரிய மொழி பேசியவர்களோடு தொடர்புபடுத்தப்படும் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபுக்கூறு இல்லை. அதே ஆண்டு வந்த விரிவான பழங்கால மரபணு ஆய்வு, அந்தக் கூறு தெற்காசியாவுக்கு வந்ததே கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில்தான் என்கிறது. அவள் வாழ்ந்தது அதற்கு முன்பு, அதனால் இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. வருகை நடந்தது, அதை மறைத்துப் பாடம் நடத்தாதீர்கள்.

விரட்டும் அம்பையும் நான் ஏற்கமாட்டேன். மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளை ஆரியர் செய்த படுகொலைக்குச் சான்றாகத் தொல்லியலாளர் வீலர் சொன்னதை 1964-லேயே இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்துவிட்டார். அந்த நகரங்கள் கி.மு. 1900 வாக்கிலேயே தேயத் தொடங்கிவிட்டன. நமக்குப் பிடித்த கதை என்பதற்காகப் பிள்ளைகள் தலையில் அதை ஏற்றக்கூடாது.

கடைசியில், ஒட்டிய தாளின்மேல் பிள்ளைகளே பென்சிலால் கோடு போடட்டும். ஒரே அம்பா, பலவா, எந்த நூற்றாண்டு என்று அவர்கள் சண்டை போடட்டும். வீட்டில் அப்பா கேட்டால், எந்த ஊசியை வைத்து அந்தக் கோட்டைப் போட்டோம் என்று பிள்ளையே சொல்லும்.