முன்பணம் வாங்கி சரக்கு கொடுக்க முடியவில்லை என்றால் அது மோசடியா?

கேள்வி: மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். 2025 பிப்ரவரியில் ஒரு வியாபாரியிடம் 1,000 பைகளுக்கு 4 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கினேன். 300 பைகள் கொடுத்தேன். அப்புறம் தோல் சப்ளை செய்தவர் கைவிரித்துவிட்டார். முன்பணத்தில் கொஞ்சம் பழைய கடனுக்கும் போய்விட்டது. இப்போது மோசடி வழக்கு என்று போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?

பதில்: நோட்டீஸ் வந்ததும் கைதுதான் என்று பயப்படாதீர்கள். அதில் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) என்று போட்டிருந்தால், சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைக்கும்வரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் உங்களைக் கைது செய்ய முடியாது. ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போகாமல் தட்டிக்கழித்தால்தான் ஆபத்து. அப்படியும் கைது செய்வார்கள் என்று தோன்றினால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்கலாம்.

மோசடிக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 420 தான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 318(4) ஆகியிருக்கிறது. பைகள் வரவில்லை என்று காட்டினால் மட்டும் இந்தக் குற்றம் நிரூபணமாகாது. பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை, பொய் சொல்லி நம்ப வைத்தீர்கள் என்று காட்ட வேண்டும். பின்னால் வாக்குத் தவறியதை மட்டும் வைத்து ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 2000-இல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது.

ஆகவே உங்கள் பலம் அந்த 300 பைகள். டெலிவரி சலான், தோலுக்கு நீங்கள் கொடுத்த ஆர்டர், தையல்காரர்களுக்குக் கொடுத்த கூலி, சப்ளையர் கைவிரித்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். எதையும் அழித்துவிடாதீர்கள், உங்களுக்குப் பாதகமானதைக்கூட; சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

உங்களைச் சங்கடப்படுத்தப் போவது அந்தப் பழைய கடன்தான். வியாபாரப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பியது மட்டுமே மோசடி ஆகாது. ஆனால் பணம் வந்த மறுநாளே பெரும்பகுதி கடனுக்குப் போயிருந்தால், கடனை அடைக்கத்தான் ஆர்டர் பிடித்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். தோலுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நம்பிக்கை மோசடிக்கான (நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாடுவது) நியாய சன்ஹிதா 316-ஐயும் சேர்த்திருந்தால் அதையும் எதிர்க்கலாம். விற்பனைக்காகக் கொடுத்த முன்பணம் பொதுவாக ஒருவரை நம்பி ஒப்படைத்த சொத்து ஆகாது. தவிர, ஒரே சம்பவத்தில் இந்த இரண்டு குற்றமும் ஒன்றாக நிற்காது என்று 2024-இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஸ்டேஷனில் வாக்குமூலத்தை மராத்தியில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். விசாரணையில் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்க பிஎன்எஸ்எஸ் 181 இடம் தரவில்லை. "பணத்தைக் கட்டு, விட்டுவிடுகிறோம்" என்றாலும் அங்கே ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பணம் வசூலிப்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை.

மிச்சப் பணத்தைத் திருப்பித் தர முடியுமானால் தருவதே நல்லது. அந்த வியாபாரிக்கும் நஷ்டம்தானே. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், வக்கீல் எழுதும் கடிதத்தோடு, வங்கி வழியாகக் கொடுங்கள். அவர் சமாதானத்துக்கு வந்தால் நீதிமன்ற அனுமதியோடு வழக்கை முடித்துக்கொள்ளலாம். வராவிட்டால், எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரி பிஎன்எஸ்எஸ் 528-இன் கீழ் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.